தனியாகப் பாடும்போது மட்டும் நடுங்கிய குரல்

போன வருடம் மாரிமழை தொடங்குவதற்குச் சில கிழமைகளுக்கு முன்பு, மட்டக்களப்பு நகரில் நான் வேலை செய்யும் செவிப் பரிசோதனை நிலையத்தில் இது நடந்தது. காது கேட்பது குறைந்தவர்களைப் பரிசோதித்து, அவர்களுக்குப் பொருத்தமான கேட்கும் கருவியைக் கணினியில் அமைத்துக் கொடுப்பது என் வேலை. அதற்கான டிப்ளோமா முடித்து நான்காவது வருடம் அது. எதையும் பட்டியலாக்கி வைத்துக்கொள்வது என் பழக்கம். முதல் நாள் கேட்க வேண்டிய கேள்விகள், கருவியைக் கையில் கொடுக்கும்போது சொல்ல வேண்டியவை, இரண்டாம் தரம் வரும்போது பார்க்க வேண்டியவை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு தாள் எழுதி, மேசைக்கு மேலே சுவரில் ஒட்டியிருந்தேன். அந்தத் தாள்களில் எனக்கு நிறைய நம்பிக்கை இருந்தது.

அந்தப் பெண் காத்தான்குடியிலிருந்து தன் மகளோடு வந்தார். வயது நாற்பத்தேழு. வீட்டில் தையல் மெஷின் வைத்து அபாயாவும் பாடசாலைச் சீருடையும் தைத்துக் கொடுக்கிறவர். மகள் ஆசிரியை. உம்மா ஒரு வசனம் சொல்லத் தொடங்கினால் மகள் அதை முடித்துவைப்பார். அளவு கொடுக்க வருகிறவர்கள் இப்போதெல்லாம் கடதாசியில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போகிறார்கள் என்பதையும் மகள்தான் சொன்னார்.

பரிசோதனையில் கீழ்ச் சுருதி ஓசைகள் ஓரளவு கேட்டன. மேலே போகப்போக வரைபடத்தில் கோடு சரிந்து விழுந்தது. அந்தப் பெண்ணின் உம்மாவுக்கும் இதே வயதில்தான் தொடங்கியதாம். அறுபது வயதாகும்போது பக்கத்தில் பட்டாசு வெடித்தாலும் திரும்பிப் பார்க்க மாட்டாராம். தனக்கு இன்னும் எத்தனை வருடம் என்று அந்தப் பெண் கேட்டார். தெரியாது என்பதைத் தெரியாது என்றே சொன்னேன்.

"அப்ப இரிக்கிற வரைக்கும் ஒழுங்காக் கேக்கணும், மகள்" என்றார், என்னைத்தான் அப்படி அழைத்து.

கட்டாரில் இருக்கும் மகன் கருவி வாங்க ஏற்பாடு செய்திருந்தார். ஒரு மாதம் போட்டுப் பார்க்கலாம், சரிவராவிட்டால் திருப்பிக் கொடுக்கலாம் என்பது எங்கள் நிலையத்தின் நடைமுறை. அதைச் சொல்லி, இரண்டு காதுக்கும் அளவு பார்த்து, கருவிகளை அமைக்க உட்கார்ந்தேன்.

இங்கே என் வேலையைப் பற்றி ஒரு விஷயம் சொல்ல வேண்டும். கூட்டங்களில் மைக்கை ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் கொண்டுபோனால் கூவும் அல்லவா? காதில் போடும் கருவியும் அப்படிக் கூவும். அதிலிருந்து கசிகிற ஒலி எதிலாவது பட்டுத் திரும்பி அதே கருவியின் மைக்குக்குள் போனால் விசில் வந்துவிடும். முக்காடு போடுகிற பெண்களுக்கு இது பெரிய தொல்லை. துணி காதை ஒட்டியே இருக்கும். அந்தக் கூவலை அடக்குவதற்கு மென்பொருளில் ஒரு வசதி இருக்கிறது. கருவிக்குள் ஒரே சுருதியில் நீண்டு நிற்கும் ஓசையைக் கண்டால் அது அதைக் கூவல் என்று எடுத்துக்கொண்டு அமுக்கும். மெதுவாக, நடுத்தரமாக, கடுமையாக என்று மூன்று நிலைகளில் அதை வைக்கலாம். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வருடத்தில் காத்தான்குடியிலிருந்தும் ஏறாவூரிலிருந்தும் வந்த பெண்கள் சிலர், கூவுகிறது என்று திரும்பி வந்தார்கள். அதன்பின் முக்காட்டோடு யார் வந்தாலும் கேட்காமலே கடும் நிலையில் வைத்துவிடுவேன். பிறகு அந்த முறைப்பாடு வரவே இல்லை. சுவரில் இருந்த தாளிலும் அதை ஒரு வரியாக எழுதிவிட்டேன். ஆட்களை அறிந்து வேலை செய்கிறேன் என்று எனக்கு அதில் உள்ளூர ஒரு பெருமையும் இருந்தது.

இவருக்கும் அப்படியே வைத்தேன். பேசிப் பார்த்தோம். மகள் அறையின் மறுமூலையில் நின்று மெதுவாக ஏதோ சொல்ல, உம்மா அதற்குப் பதில் சொல்லிச் சிரித்தார். சந்தோஷமாகப் போனார்கள்.

பத்து நாளில் இருவரும் மறுபடி வந்தார்கள். பேச்சு நன்றாக விளங்குகிறது, மகன் போனில் பேசுவதும் விளங்குகிறது என்றார் உம்மா. பிறகு கதவு சாத்தியிருக்கிறதா என்று ஒருதரம் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"பாட்டுக் கேக்கக்குள்ள, குரல் தையல் தப்புது."

ஊசி மொட்டையானால் மெஷின் நடுவில் ஒரு தையலை விட்டுவிட்டு அடுத்ததைப் பிடிக்கும். அப்படி, குரல் நீண்டு போகும்போது இடையில் விட்டுவிட்டுப் பிடிக்கிறது என்று கையால் காட்டினார். என்ன பாட்டு என்று கேட்டேன். பதில் சொன்னது மகள்.

"தமிழ்ப் பாட்டு இல்ல மிஸ். வெள்ளக்காரன் ஒருத்தன் கத்துற. கிரஞ்ச் எண்டு சொல்ற ரொக் பாட்டு. உம்மாட வயசுக்கு இது என்ன ரசனையோ."

"நீ பொறக்க முந்தியே எனக்கு அவரத் தெரியும்" என்றார் உம்மா, மகளைப் பார்க்காமலே.

கதை இதுதான். அவருடைய காக்கா, அதாவது அண்ணன், குவைத்தில் ஒரு கசெட் கடையில் வேலை செய்தவர். ஊருக்கு வருகிறவர்களிடம் விற்காமல் கிடக்கும் கசெட்டுகளைக் கொடுத்து அனுப்புவாராம். அதில் ஒன்று, அமெரிக்காவில் ஒரு ரொக் குழுவை விட்டு விலகி வந்த பாடகர் தனியாகப் பாடி வெளியிட்ட முதல் அல்பம். இந்தப் பெண்ணுக்கு அப்போது இருபது வயதிருக்கும். ஆங்கிலம் அவ்வளவாகத் தெரியாது. மற்றக் கசெட்டுகளுக்கு மேல் வேறு பாட்டுகளைப் பதிந்துவிட்டார்கள். இதை மட்டும் யாரையும் தொட விடவில்லை. மின்சாரம் இல்லாத நாட்களில் பற்றரி போட்டு, காலால் மிதிக்கிற மெஷினில் தைத்துக்கொண்டே கேட்பாராம். பல வருடம் கழித்து மகள் போனில் தேடிக் கொடுத்தபோதுதான் அந்தப் பாடகருக்கு மேலும் இரண்டு தனி அல்பங்கள் இருப்பதும், அதற்கு முன்பு அந்தக் குழுவோடு பாடிய நான்கு இருப்பதும் தெரிந்தது.

மகள் போனில் முப்பது செக்கன் போட்டுக் காட்டினார். கரகரத்த குரல், அதற்குப் பின்னால் கிட்டார்களின் இரைச்சல். நானும் மகளும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தோம். அந்தச் சிரிப்பை இன்று நினைத்தாலும் எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

குரலே கரகரப்பானது, அதனால் அப்படித்தான் கேட்கும் என்று சொன்னேன். மூளை புதிய ஒலிகளுக்குப் பழக ஆறு கிழமை எடுக்கும், பொறுமையாகப் போட்டுப் பழகுங்கள் என்றேன். ஒலியளவைக் கொஞ்சம் குறைத்து அனுப்பினேன். அவருடைய பதிவில் "எதிர்பார்ப்பு அதிகம், ஆலோசனை வழங்கப்பட்டது" என்று எழுதினேன். படிப்பில் அப்படி எழுதத்தான் சொல்லித் தந்திருந்தார்கள். ஒருவர் சொல்லும் குறைக்குக் காரணம் கண்டுபிடிக்க முடியாதபோது அந்த வரி மிக வசதியானது.

மாதம் முடிய ஐந்து நாள் இருக்கும்போது மூன்றாம் தரம் வந்தார். தனியாக வந்திருந்தார். மகள் வரவில்லையா என்று கேட்டதற்கு, "அவ வந்தா அவதான் பேசுவா" என்றார். மேசையில் கருவிப் பெட்டியை வைத்துத் திறந்தார். இரண்டு கருவிகள், சுத்தம் செய்யும் தூரிகை, மிஞ்சிய பற்றரிகள், விளக்கக் கையேடு என்று எல்லாம் நான் கொடுத்த மாதிரியே அதனதன் இடத்தில் இருந்தன. திருப்பிக் கொடுக்க வந்திருக்கிறார் என்பது விளங்கியது.

பேச்சுத்தான் விளங்குகிறதே, அதற்காகவாவது வைத்திருக்கலாமே என்றேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கருவி காதில் இல்லாததால் என் உதட்டைப் பார்க்கிறார் என்று பிறகுதான் உறைத்தது. கொஞ்சம் சத்தமாகத் திரும்பச் சொன்னேன்.

"உங்களுக்குக் கரைச்சல் தர வரல்ல, மகள். பேச்சு எழுதிக் காட்டினாலும் போதும், நான் சமாளிச்சிடுவன். அவர்ர குரல் எனக்கு ஞாபகத்தில நல்லா இரிக்கி. இதப் போட்டுக் கேட்டுக் கேட்டு, இப்ப ஞாபகத்திலயும் அது நடுங்கத் தொடங்கிட்டு. கேக்காமப் போனாலும் பரவாயில்ல. உள்ளுக்க இரிக்கிறது பழுதாகக் கூடாது."

கருவிகள் திரும்பி வந்தால் நிலையத்துக்கு ஒரு படிவம், எனக்கு ஒரு கையெழுத்து. இந்தப் பெண்ணுக்கோ இனி மனிதர்களின் பேச்சும் அரைகுறை, மழையும் அரைகுறை, மெஷினின் சத்தமும் அரைகுறை. அதையெல்லாம் விட்டுக்கொடுத்து ஒரு குரலைக் காப்பாற்ற நினைக்கிறார். படிவத்தை எடுக்க மேசை லாச்சியைத் திறந்தேன். அப்போது அவர் சாதாரணமாக ஒன்று சொன்னார். அந்தக் குழுவோடு பாடினதெல்லாம் சரியாகத்தான் வருகிறதாம். தனியாகப் பாடினவற்றில்தான் பழுதாம்.

லாச்சியை மூடினேன்.

பழகாததுதான் காரணம் என்றால் இரண்டிலும் பழுது வர வேண்டும். கரகரப்புத்தான் காரணம் என்றால் கத்திப் பாடின பழைய பாட்டுகளில் கூடுதலாக வர வேண்டும். ஒரே ஆள், ஒரே காது, ஒரே கருவி. ஒன்றில் வருகிறது, மற்றதில் வரவில்லை என்றால் அது எதிர்பார்ப்பைப் பற்றிய பிரச்சினையாக இருக்க முடியாது. எங்கோ ஒரு பிழை இருக்கிறது. இது எந்தத் தொழில்நுட்பப் படிப்பிலும் முதல் கிழமையில் சொல்லித் தருவது. நான் அந்தக் கேள்வியைக் கேட்கவே இல்லை.

ஐந்து நாளில் என்ன செய்ய முடியும் என்று தெரியாமலே, நான்கு நாள் தாருங்கள் என்று கேட்டேன். கருவிகளை என்னிடம் விட்டுப் போகச் சொன்னேன். மகளிடமிருந்து ஏழு அல்பங்களின் விவரத்தையும் வட்ஸ்அப்பில் எடுத்துக்கொண்டேன்.

கல்லடியில் எங்கள் வீட்டில் சனியும் ஞாயிறும் பகல் முழுவதும் அதே வேலை. கொப்பியில் கோடு போட்டு, அல்பம், பாட்டு, நிமிடம், குரல் எப்படி, பின்னால் என்ன வாத்தியம் என்று நிரல் பிரித்தேன். பட்டியல் போட்டால்தான் எனக்கு எதுவும் தலைக்குள் இறங்கும். குழுவின் முதல் அல்பத்தை ஸ்பீக்கரில் போட்டதும் அம்மா குசினியிலிருந்து வந்து பார்த்தார்.

"ஆருக்குப் புள்ள நோகுது? இப்பிடிக் கத்துறான்."

முதல் இரண்டு அல்பங்களைக் கேட்டு முடிக்கும்வரை எனக்கும் அம்மாவின் கருத்துத்தான். இரண்டு கிட்டார்களும் தகரக் கூரையில் அடைமழை விழுவதுபோல நிற்காமல் இரைகின்றன. பாடகர் அதற்கு மேலே வருவதற்காகத் தொண்டையைக் கிழித்துக்கொள்கிறார். மூன்றாவது அல்பத்தில் அவருக்குக் கொஞ்சம் இடம் கிடைக்கிறது. நான்காவதில் குழுவில் எல்லோரும் களைத்துப்போனது தெரிகிறது. வேகமான பாட்டுகளில் வேகம் இல்லை. ஆனால் அதில் ஒரு பாட்டு வாத்தியமே இல்லாமல் அவர் குரலில் தொடங்கி அரை நிமிடம் அப்படியே போகிறது. அந்தக் குழுவை விட்டு அவர் ஏன் வெளியே வந்தார் என்பது அந்த அரை நிமிடத்தில் எனக்கு விளங்கியதுபோல இருந்தது.

ஞாயிறு பின்னேரம் தனி அல்பங்களுக்கு வந்தேன். குவைத்திலிருந்து வந்த அந்த முதல் அல்பத்தில் கத்தலே இல்லை. ஒரு கிட்டார், மெல்லிய டிரம்ஸ், அவர் குரல். வரியின் கடைசிச் சொல்லை விடாமல், ஆட்டாமல், ஒரே சுருதியில் நீட்டிக்கொண்டே போகிறார். ஆறு செக்கன், எட்டு செக்கன். அதே மனிதரா என்று திரும்பப் போட்டுப் பார்த்தேன். அதே கரகரப்பு இருந்தது. முன்பு அது சண்டை பிடித்தது, இங்கே ஆறுதலாக உட்கார்ந்திருந்தது. இரண்டாவது தனி அல்பத்தில் பெரிய வயலின் கூட்டம் ஒன்றைச் சேர்த்திருந்தார்கள். மூன்றாவதில் மறுபடி குரலும் கிட்டாரும் மட்டும், வயது ஏறிய குரலில். அதில் ஆறாவது பாட்டு ஓடும்போது நிமிடத்தைக் குறிக்க மறந்து பேனையைக் கையில் வைத்தபடியே இருந்திருக்கிறேன். பாட்டு முடிந்த பிறகுதான் கொப்பியில் அந்த வரி வெறுமையாக இருப்பதைக் கண்டேன்.

திங்கட்கிழமை நிலையம் திறக்க ஒரு மணித்தியாலம் முன்பே போனேன். கருவியிலிருந்து வரும் ஒலியை நாங்களும் கேட்டுப் பார்ப்பதற்கு, வைத்தியர் கழுத்தில் போடுவதுபோல ஒரு குழாய் இருக்கிறது. அவருடைய கருவியை அதில் மாட்டி, அறைக்குள் பாட்டைப் போட்டேன். ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். முதல் நாளும் இரண்டாம் தரமும் நான் அந்தக் குழாயைக் காதில் வைத்துச் சோதித்திருந்தேன். "ஒன்று, இரண்டு, மூன்று" என்று நானே சொல்லித்தான் சோதித்தேன். பாட்டு எதையும் போட்டுப் பார்க்கவில்லை.

குழுவின் பாட்டுகள் இரைச்சலோடு ஒழுங்காக வந்தன. முதல் தனி அல்பத்தைப் போட்டேன். முதல் வரியின் கடைசிச் சொல்லைப் பாடகர் நீட்டத் தொடங்கிய மூன்றாவது செக்கனில் குரல் நடுங்கியது. அமுங்கியது, திரும்பி வந்தது, மறுபடி அமுங்கியது. அந்தப் பெண் சொன்னபடியே ஒரு தையலை விட்டுவிட்டு அடுத்ததைப் பிடித்தது. கொப்பியில் குறித்திருந்த ஒவ்வொரு நிமிடத்துக்கும் போய்ப் பார்த்தேன். வாத்தியம் குறைந்து, குரல் தனியாக நீளும் இடங்களிலெல்லாம் நடுக்கம். குழுவின் பாட்டுகளில் ஒரே ஒரு இடத்தில் மட்டும் வந்தது. நான்காவது அல்பத்தின் அந்த அரை நிமிடம்.

அதற்கு மேல் யோசிக்க எதுவும் இல்லை. கூவலை அடக்கும் வசதியை நிறுத்தினேன். நடுக்கம் போய்விட்டது. திரும்பக் கடும் நிலையில் வைத்தேன். வந்தது. ஒரு மனிதர் மூச்சைப் பிடித்து நீட்டிய சுருதியை விசில் என்று நினைத்து அந்தக் கருவி அமுக்கிக்கொண்டிருந்தது. முக்காட்டைக் கண்டதும் ஒன்றும் கேட்காமல் நான் வைத்த நிலை அது. அவர் பாட்டுக் கேட்பது தன் வீட்டில், தன் மெஷினுக்கு முன்னால், முக்காடு இல்லாமல் என்பது அன்று மதியம் அவரே சொல்லித்தான் தெரிந்தது. அதை நான் எந்த நாளும் கேட்டதில்லை. என் கேள்விப் பட்டியலில் அதற்கு இடமும் இருக்கவில்லை.

அன்று மதியமே வரச் சொன்னேன். மகளும் பாடசாலை விட்டு வந்து சேர்ந்தார். கதவைச் சாத்தி, உள்ளே யாரும் வர வேண்டாம் என்று வெளியில் சொல்லிவிட்டு, முக்காட்டை எடுக்கலாமா என்று கேட்டேன். எடுத்து மடியில் மடித்து வைத்துக்கொண்டார். பிழை என்னுடையது, அக்கா, என்றேன். நடந்ததை முழுவதும் சொன்னேன். அவர் கேட்ட முதல் கேள்வி கருவியைப் பற்றியது இல்லை.

"நீங்க கேட்டீங்களா? எல்லாத்தையுமா?"

ஓம், ஏழு அல்பத்தையும் கேட்டேன் என்றேன்.

"காக்கா மவுத்தாகி எங்கள விட்டுப் போன பிறகு, இந்தப் பக்கத்தில அவரக் கேக்கிற ஆள் நான் மட்டும்தான் எண்டு இரிந்தன்" என்றார். பிறகு கொஞ்சம் தயங்கி, வயலின் கூட்டம் வரும் அந்த இரண்டாவது அல்பம் எப்படி என்று விசாரித்தார். எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை என்றேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"ஆரோ அளவு பிழையாத் தச்சுக் குடுத்த உடுப்பு அது. ஆளுக்கு வடிவில்ல."

ஒலி கசியாதபடி காதை இன்னும் இறுக்கமாக மூடும் வேறு முனைகளைக் கருவிகளில் மாட்டினேன். இரண்டு அமைப்புகளைப் போட்டேன். ஒன்று முக்காட்டோடு வெளியே போவதற்கும் பேசுவதற்கும். மற்றது பாட்டுக்கு. அதில் அடக்கும் வசதி எதுவும் இல்லை, உள்ளதை உள்ளபடி கொடுக்கும். துணியோ கையோ காதை மூடினால் கூவும். கருவியில் உள்ள பொத்தானை அழுத்தி மாற்றிக்கொள்ளலாம். எல்லாவற்றையும் விளக்கிவிட்டு, எந்தப் பாட்டு வேண்டும் என்று கேட்டேன். முதல் தனி அல்பத்தின் கடைசிப் பாட்டைச் சொன்னார்.

போட்டேன். கொப்பியில் எத்தனை கோடு போட்டிருந்தாலும், அவர் காதுக்குள் என்ன கேட்கப் போகிறது என்பது அவருக்கு மட்டும்தான் தெரியும்.

பாடகர் முதல் வரியின் கடைசிச் சொல்லை நீட்டினார். உம்மா மேசை விளிம்பைப் பிடித்தபடி, நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மகள் ஏதோ கேட்க வாயெடுத்தார். அவர் கையை உயர்த்தி நிறுத்தினார். பாட்டு முடியும்வரை அசையவில்லை. முடிந்ததும் மறுபடி போடச் சொன்னார். அந்தத் தரம், பாதியில் தானே பொத்தானை அழுத்திப் பழைய அமைப்புக்கு மாற்றினார். நடுக்கம் வந்ததும் திரும்பப் புதியதற்கு மாற்றினார். தைத்து முடித்த உடுப்பை உட்புறம் திருப்பித் தையலைப் பார்ப்பதுபோல இரண்டு பக்கத்தையும் பார்த்தார். பிறகு நிமிர்ந்தார்.

"ஓம். இதான் ஆள்."

மகள் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் கணினித் திரையைப் பார்த்து ஏதோ தட்டினேன்.

பிறகு உம்மா, ஒன்று மட்டும் இல்லை என்றார். பாட்டின் கடைசி வரிக்கு முன்னால் பாடகர் மூச்சு எடுக்கிற சத்தம் ஒன்று கசெட்டில் இருந்ததாம். மிகச் சிறியது. அது வரவில்லை, அதையும் கொண்டுவர முடியுமா என்று கேட்டார். எனக்கு அந்தச் சத்தம் தெரியும். என் கொப்பியில் அந்த நிமிடமும் இருந்தது. அவருடைய வரைபடத்தை எடுத்து, கோடு விழுந்து முடிகிற இடத்தைக் காட்டி, அந்த மூச்சு இதற்கும் அப்பால் இருக்கிறது என்றேன். அங்கே கேட்பதற்குக் காதில் ஒன்றும் மிச்சமில்லை, எந்தக் கருவியாலும் அதைக் கொண்டுவர முடியாது என்றேன். இப்படிப்பட்டதைச் சொல்லும்போது நான் வழக்கமாகச் சேர்க்கும் ஆறுதல் வசனங்களை அன்று விட்டுவிட்டேன்.

அவர் கோடு முடிகிற இடத்தில் விரலை வைத்துப் பார்த்தார்.

"அந்த இடம் எனக்கு மனப்பாடம். அத நானே உள்ளுக்கப் போட்டுக் கொள்றன், மகள்."

கருவிகளைப் போட்டபடியே, முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, பொத்தானை மாற்றி அழுத்திவிட்டுப் போனார். திருப்பிக் கொடுக்கும் படிவம் லாச்சியிலேயே கிடந்தது.

அன்று பின்னேரம் அவருடைய பதிவைத் திறந்து நான் எழுதியிருந்த அந்த வரியை வெட்டி, பிழை அமைப்பில் இருந்தது என்று எழுதிக் கையெழுத்திட்டேன். பிறகு முக்காடு போட்டு வந்தவர்களுக்கெல்லாம் கடும் நிலையில் வைத்துக் கொடுத்த பதிவுகளை ஒவ்வொன்றாகத் தேடி எடுத்தேன். அவரைத் தவிர பதினான்கு பேர் இருந்தார்கள். ஒருவரும் குறை சொல்லி வந்ததில்லை. எல்லோரையும் போனில் அழைத்தேன். பெரும்பாலானோர் ஒரு பிரச்சினையும் இல்லை என்றார்கள். ஏறாவூரிலிருந்து பேசிய ஒரு வயதான பெண் மட்டும் வேறொன்று சொன்னார். வானொலியில் குர்ஆன் ஓதுவதைக் கேட்கும்போது, ஓதுகிறவர் நீட்டுகிற இடங்களில் ஓசை நடுங்குகிறது என்றார். ஏன் எங்களிடம் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"எண்ட காதுதான் அப்பிடியாப் போச்சு எண்டு நினச்சன் புள்ள. அத ஆரிட்டப் போய்ச் சொல்ற?"

இரண்டு வருடமாக அவர் அப்படியே கேட்டிருக்கிறார். அடுத்த நாளே வரவழைத்து மாற்றிக் கொடுத்தேன். அவர் எனக்காக அல்லாஹ்விடம் துஆக் கேட்டார். அதற்கு உரியவர் காத்தான்குடியில் தையல் மெஷினுக்கு முன்னால் இருக்கும் வேறொருவர் என்று அவரிடம் சொல்லத் தெரியவில்லை. ஒரு ரொக் பாடகரின் கதையை எங்கிருந்து தொடங்குவது?

காத்தான்குடிப் பெண் இப்போதும் மூன்று மாதத்துக்கு ஒருதரம் பரிசோதனைக்கு வருகிறார். கோடு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக்கொண்டுதான் இருக்கிறது. அதை இருவரும் பார்க்கிறோம், அதற்கேற்ப அமைப்பை மாற்றுகிறோம். கடைசியாக வந்தபோது, குழுவின் இரண்டாவது அல்பத்தைத் தான் முன்பு சரியாகக் கேட்கவில்லை, இப்போது பிடிக்கத் தொடங்கியிருக்கிறது, நானும் இன்னொரு தரம் கேட்டுப் பார்க்க வேண்டும் என்றார். நான் கேட்டேன். எனக்கு அது இன்னும் இரைச்சல்தான், அதை அவரிடம் சொல்லியும் விட்டேன். ஆனால் என் அறையில் ஒருவர் தன் காதில் விழுந்ததைச் சொல்லத் தொடங்கும்போது, அந்த ஓசையைக் கேட்டவர் அங்கே அவர் ஒருவர்தான் என்ற நினைப்பு வந்து, பதிவில் எதையும் எழுதுமுன் என் கை தானாகவே விசைப்பலகையை விட்டு விலகிவிடுகிறது.